அழித்தவர் காப்பாற்றிய ஆர்க்கிமிடீஸ்

  இன்னைக்கு ஒரே ஒரு புத்தகத்தோட கதை.

1998 அக்டோபர் 29. நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனம். ஏலத்துக்கு வந்திருப்பது ஒரு பழைய கிறிஸ்தவ பிரார்த்தனைப் புத்தகம். பார்த்தால் யாரும் கையில் எடுக்கவே தயங்குவாங்க. ஓரமெல்லாம் கருகியிருக்கு, பக்கங்களில் பூஞ்சை அரிச்ச ஊதா நிறத் திட்டுகள், முதுகுப் பக்கம் முழுக்கப் பசை. இதுக்குப் போட்டி போட்டு ஏலம் கேட்டது யார் தெரியுமா? கிரேக்க அரசு. ஆனா ஜெயிச்சது அவங்க இல்லை. பெயரை வெளியிட விரும்பாத ஒருவர் 20 லட்சம் டாலருக்கு எடுத்துட்டுப் போனார்.

அந்தப் பணம் பிரார்த்தனைகளுக்காகக் கொடுத்தது இல்லை. பிரார்த்தனைகளுக்கு அடியில், யாரோ சுரண்டி அழிச்ச எழுத்துகளுக்காகக் கொடுத்தது. அந்த எழுத்துகள் ஆர்க்கிமிடீஸுடையவை.

தோல், கத்தி, பிரார்த்தனை

ஆர்க்கிமிடீஸ் வாழ்ந்தது சிசிலித் தீவில் உள்ள சைரக்யூஸ் நகரத்தில். கி.மு. 212-ல் ரோமானியர்கள் அந்த ஊரைப் பிடித்தபோது கொல்லப்பட்டார். அவர் கைப்பட எழுதின எதுவும் நம்மிடம் இல்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் நகலோட நகலோட நகல். பேக்கப் எடுக்க ஆள் இருக்கும் வரைதான் ஒரு நூலுக்கு ஆயுள். எந்தத் தலைமுறையில் நகலெடுப்பது நின்றதோ, அங்கே அந்த நூல் செத்துப்போச்சு.

10-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், ஒருத்தர் உட்கார்ந்து ஆர்க்கிமிடீஸின் நூல்களை ஆட்டுத்தோலில் நகலெடுத்தார். அவர் பெயர் தெரியாது. நல்ல பெரிய புத்தகம், ஓரளவு பெரிய எழுத்து, பக்கத்திலேயே வரைபடங்கள். அடுத்த 200 சொச்சம் வருஷத்தில் உலகம் மாறிப்போச்சு. 1204-ல் நான்காம் சிலுவைப் போர் வீரர்கள் கான்ஸ்டான்டினோபிளையே சூறையாடினாங்க. இந்தப் புத்தகம் எப்படியோ தப்பிச்சு பாலஸ்தீனம் பக்கம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு.

1229 ஏப்ரல். இயோனஸ் மைரோனஸ் என்கிற எழுத்தர் ஒரு பிரார்த்தனைப் புத்தகம் எழுதி முடிக்கிறார். அவருக்குத் தோல் தேவைப்பட்டது. புதுத் தோல் விலை அதிகம். ஒரு புத்தகத்துக்கு ஒரு மந்தையே வேணும். அதனால் பழைய புத்தகங்களைப் பிரிச்சார். எழுத்தைக் கழுவி, சுரண்டி எடுத்தார். தாள்களை நடுவில் வெட்டி, 90 டிகிரி திருப்பி, மடிச்சுத் தைச்சார். பழைய எழுத்து இப்போ புது எழுத்துக்குக் குறுக்கே, செங்குத்தா ஓடுது. ஒவ்வொரு ஆர்க்கிமிடீஸ் பக்கத்தின் நடுவரிகள் சில, தையல் போடும் மடிப்புக்குள்ளே போய் மறைஞ்சிடுச்சு. ஆர்க்கிமிடீஸ் மட்டும் பத்தாமல், வேறு சில புத்தகங்களையும் பிரிச்சுச் சேர்த்தார்.

இப்படி அழிச்சு மறுபடி எழுதின சுவடிக்கு பாலிம்ப்செஸ்ட் என்று பெயர். கிரேக்கத்தில் 'மறுபடி சுரண்டப்பட்டது' என்று அர்த்தம். பழைய கேசட்டில் ஒரு பாட்டு மேலே இன்னொரு பாட்டு பதிவு பண்ணுவாங்கன்னு எங்கப்பா சொல்வார், கிட்டத்தட்ட அதுதான். சில நேரம் புதுப் பாட்டு முடிஞ்சதும் பழைய பாட்டோட கடைசி அடி லேசா கேட்குமாம்.

இங்கே மைரோனஸ் மேலே கோபம் வரும். எனக்கும் முதலில் வந்தது. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மத்தியகாலத்தில் ஐரோப்பிய அறிஞர்களுக்குத் தெரிந்த ஆர்க்கிமிடீஸின் முக்கியமான கிரேக்கச் சுவடிகள் இன்னும் இரண்டு இருந்தன. ஆய்வாளர்கள் அவற்றை ஏ, பி என்று குறிப்பிடுவாங்க. யாரும் அவற்றைச் சுரண்டவில்லை. மதிப்பாத்தான் வெச்சிருந்தாங்க. இரண்டுமே காணாமல் போச்சு. ஏ சுவடி பற்றி 16-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு தகவல் இல்லை. பி அதுக்கும் முன்னாடியே போயிடுச்சு. மிஞ்சியது இந்த சி சுவடிதான். கணிதம் தெரியாத துறவிகள் கணித நூலைப் பத்திரமா வெச்சிருக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனா பிரார்த்தனைப் புத்தகத்தைப் பத்திரமா வெச்சிருப்பாங்க. பெத்லகேம் அருகே உள்ள மார் சாபா மடத்தில் பல நூற்றாண்டுகள் அந்தப் பத்திரம்தான் ஆர்க்கிமிடீஸைக் காப்பாத்துச்சு.

கோபன்ஹேகனிலிருந்து ஒருவர்

19-ஆம் நூற்றாண்டில் புத்தகம் மறுபடி கான்ஸ்டான்டினோபிளுக்கே வந்திருந்தது, எருசலேம் கிரேக்கத் திருச்சபைக்குச் சொந்தமான ஒரு நூலகத்துக்கு. 1840-களில் டிஷெண்டார்ஃப் என்கிற ஜெர்மானிய அறிஞர் அங்கே போனார். அடியில் ஏதோ கணிதம் இருக்குன்னு கவனிச்சார். அவர் போன பிறகு புத்தகத்தின் ஒரு தாள் அவர் கைவசம் இருந்தது. எப்படி வந்ததுன்னு நீங்களே ஊகிச்சுக்கோங்க. அந்தத் தாள் இப்போ கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கு.

1899-ல் பாபடோபுலோஸ் கெரமியுஸ் என்பவர் அந்த நூலகத்துச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் தயாரிச்சார். பிரார்த்தனைப் புத்தகம் என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யலை. அடியில் தெரிஞ்ச சில வரிகளையும் படிச்சுப் பட்டியலில் சேர்த்தார். அந்த வரிகள் டென்மார்க்கில் இருந்த யோஹன் லுட்விக் ஹைபெர்க் பார்வைக்குப் போச்சு. ஆர்க்கிமிடீஸின் கிரேக்க நூல்களைப் பதிப்பிச்சவரே அவர்தான். பார்த்த உடனே புரிஞ்சுக்கிட்டார்.

1906-ல் கிளம்பிப் போனார். கையில் இருந்தது ஒரு பூதக்கண்ணாடி. புற ஊதா விளக்கெல்லாம் இல்லை. வெறும் கண்ணால் பிரார்த்தனை வரிகளுக்கு இடையே எட்டிப் பார்த்துப் பெரும்பகுதியைப் படிச்சுட்டார். புகைப்படங்களும் எடுக்க வெச்சார். அடுத்த வருஷம் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி. காரணம், இந்தச் சுவடியில் உலகத்தில் வேறெங்கேயும் கிடைக்காத ஒரு நூல் இருந்தது. ஆங்கிலத்தில் 'மெத்தட்' என்று சுருக்கமாச் சொல்வாங்க. நாம 'முறை' என்று வெச்சுக்கலாம்.

தராசில் வைத்த கணக்கு

'முறை' ஏன் பெரிய விஷயம்? ஆர்க்கிமிடீஸின் மற்ற நூல்களைப் படிச்சா தேற்றம் இருக்கும், நிரூபணம் இருக்கும். ஆனா இந்த விடையை முதலில் எப்படிக் கண்டுபிடிச்சார் என்பது இருக்காது. புரொடக்‌ஷனுக்குப் போன கோடை மட்டும் காட்டிட்டு, முதலில் எழுதிப் பார்த்த கிறுக்கலை மறைச்ச மாதிரி. 17-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர்களில் சிலர் இவர் ஏதோ ரகசிய வழியை ஒளிச்சு வெச்சிருக்கார் என்றே சந்தேகப்பட்டாங்க.

'முறை' நூலில் அவர் அதைத்தான் திறந்து காட்டுறார். அலெக்ஸாந்திரியாவில் இருந்த எரடோஸ்தனிஸுக்கு எழுதின கடிதம் அது. பூமியோட சுற்றளவைக் கணக்கிட்டாரே, அதே எரடோஸ்தனிஸ்தான்.

ஒரு உதாரணம். ஒரு பரவளையத்தை ஒரு நேர்கோட்டால் வெட்டினால் கிடைக்கும் வளைந்த துண்டின் பரப்பளவு என்ன? ஆர்க்கிமிடீஸ் அந்தத் துண்டை மெல்லிய கோடுகளாச் சீவுறார். பக்கத்தில் ஒரு பெரிய முக்கோணம், அதையும் அப்படியே சீவுறார். இப்போ மனசுக்குள்ளே ஒரு தராசு. முக்கோணத்தின் ஒவ்வொரு கோடும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வளைவின் கோடுகளை எல்லாம் தராசின் மறுமுனையில் தொங்க விட்டால், ஒவ்வொன்றும் சமநிலையில் நிற்குது. அப்போ மொத்தமும் சமநிலைதான். முக்கோணத்தின் எடை மையம் எங்கே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்: தராசுத் தண்டின் மூன்றில் ஒரு பங்கில். எனவே வளைவு அந்தப் பெரிய முக்கோணத்தில் மூன்றில் ஒரு பங்கு. பெரிய முக்கோணம், வளைவுக்குள்ளே வரையும் சின்ன முக்கோணத்தைப் போல் 4 மடங்கு. ஆக விடை: சின்ன முக்கோணத்தின் 4/3 மடங்கு. முடிஞ்சது!

இதில் எனக்குப் பிடிச்சது அதுக்கு அடுத்து அவர் சொல்வதுதான். இது நிரூபணம் ஆகாது, விடை இதுவாத்தான் இருக்கும்னு ஒரு நம்பிக்கையைத் தருது, அவ்வளவுதான், நிரூபணத்தைத் தனியாத்தான் செய்யணும் என்கிறார். ஆனாலும் இந்த வழியைச் சொல்லிட்டுப் போறேன், பின்னால் வருபவர்கள் எனக்குத் தோணாததைக் கண்டுபிடிப்பாங்க என்கிற பொருளில் எழுதியிருக்கார். அதைத்தான் 1229-ல் கத்தி வெச்சுச் சுரண்டினாங்க.

தங்கத்துக்கு அடியில்

ஹைபெர்க் பார்த்துட்டுப் போன பிறகுதான் இந்தப் புத்தகத்துக்கு நிஜமான கெட்ட காலம். முதல் உலகப் போர், கிரேக்க துருக்கிப் போர், நூலகம் கலைஞ்சது. 1920-களுக்குப் பிறகு புத்தகம் பாரிஸில் ஒரு தனியார் குடும்பத்திடம் போயிடுச்சு. ஹைபெர்க் பார்த்தபோது 177 தாள்கள். 1998-ல் ஏலத்துக்கு வந்தபோது 174.

அதைவிட மோசம், நான்கு பக்கங்களில் புதுசா படங்கள் இருந்தன. நற்செய்தி எழுதின நான்கு பேரின் உருவங்கள், தங்கப் பின்னணியோட. பழைய ஓவியம் மாதிரியே. ஆனா அதிலிருந்த ஒரு பச்சை நிறச் சாயம் 1938-க்குப் பிறகுதான் சந்தைக்கே வந்தது. யாரோ 20-ஆம் நூற்றாண்டில் விலையைக் கூட்டுவதற்காக வரைஞ்ச போலி ஓவியங்கள். அதுக்கு அடியில் ஆர்க்கிமிடீஸ்.

மைரோனஸ் சுரண்டினபோது கூட எழுத்து முழுசாப் போகலை. பல நூற்றாண்டுகள் மடத்தில் இருந்தபோதும் பெருசா ஒண்ணும் ஆகலை. பூஞ்சை, போலி ஓவியம், பசை, காணாமல் போன தாள்கள் எல்லாம், இது ஆர்க்கிமிடீஸ்னு உலகத்துக்கே தெரிஞ்ச பிறகு நடந்தவை. ஹைபெர்க் கண்ணால் படிச்ச சில பக்கங்களை இன்னைக்கு வெறும் கண்ணால் படிக்க முடியாது.

சொந்தம் யாருக்கு என்கிற கேள்வியும் வந்தது. எருசலேம் கிரேக்கத் திருச்சபை, இது எங்கள் நூலகத்திலிருந்து திருடு போனது என்று ஏலத்தைத் தடுக்க வழக்குப் போட்டது. 1999-ல் நியூயார்க் நீதிமன்றம் விற்றவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இத்தனை வருஷம் உரிமை கோராமல் இருந்துட்டு இப்போ கேட்க முடியாது என்பது முக்கியமான காரணம். சட்டப்படி சரியா இருக்கலாம். புத்தகம் எங்கே இருக்குன்னே தெரியாதவங்க எப்படி உரிமை கோர முடியும்னு கேட்டால், என்னிடம் நல்ல பதில் இல்லை.

மூன்று வண்ணக் கணக்கு

வாங்கினவர் புத்தகத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டலை. 1999-ல் பால்டிமோரில் உள்ள வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் ஒப்படைச்சு, ஆய்வுக்குப் பணமும் கொடுத்தார். வில்லியம் நோயல் திட்டத்தை நடத்தினார். அபிகெயில் குவாண்ட் புத்தகத்தைப் பிரிக்கும் வேலையை எடுத்தார். பிரிக்க மட்டுமே கிட்டத்தட்ட 4 வருஷம் ஆச்சு. காரணம், முதுகில் யாரோ நம்ம காலத்துச் செயற்கைப் பசையைத் தடவி வெச்சிருந்தாங்க. தோலைவிடப் பசை வலுவா இருந்தது.

அடுத்து படம் எடுப்பது. இது என் ஏரியா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ரோஜர் ஈஸ்டன், கீத் நாக்ஸ், வில்லியம் கிறிஸ்டன்ஸ் பேரி என்று மூன்று பேர். அவங்க ஐடியா ரொம்ப எளிமை. புற ஊதா ஒளியில் தோல் ஒளிரும். மை இருக்கும் இடம் எல்லாம் இருட்டாத் தெரியும், பழைய மை, புது மை இரண்டுமே. சிவப்பு ஒளியில் படம் எடுத்தால், மங்கிப்போன பழைய பழுப்பு மை கிட்டத்தட்ட மறைஞ்சிடும், பிரார்த்தனை மை மட்டும் கறுப்பா நிற்கும். ஒரு கலர் படம்னா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல். சிவப்பு சேனலில் சிவப்பு ஒளிப் படத்தைப் போடுங்க. பச்சை, நீலம் இரண்டிலும் புற ஊதாப் படத்தைப் போடுங்க. வெறும் தோல்: மூன்று சேனலும் வெளிச்சம், வெளிறித் தெரியும். பிரார்த்தனை: மூன்றும் இருட்டு, கறுப்பு. ஆர்க்கிமிடீஸ்: சிவப்பில் மட்டும் வெளிச்சம். அப்போ அவர் சிவப்பு எழுத்தா எழுந்து வருவார்!

சும்மா கழிச்சு பிரார்த்தனையை முழுசா நீக்கியிருக்கலாமேன்னு தோணும். அப்படிச் செஞ்சா, மேல் எழுத்து மறைக்கிற இடத்தில் வெறும் ஓட்டை இருக்கும். அது ஓட்டையா, இல்லை அங்கே எழுத்தே இல்லையான்னு படிப்பவருக்குத் தெரியாது. எது மறைச்சுக்கிட்டு இருக்கு என்பதையும் காட்டினால்தான் நேர்மையாப் படிக்க முடியும்.

தங்கம் பூசின பக்கங்களில் இந்த வித்தை பலிக்கலை. அங்கே ஸ்டான்ஃபோர்டில் உள்ள துகள் முடுக்கி ஆய்வகத்தின் ஊவே பெர்க்மன் வந்தார். பழைய மையில் இரும்பு இருக்குன்னு ஒரு பத்திரிகையில் படிச்சுட்டு, எங்கள் எக்ஸ்ரே கற்றையால் இரும்பைப் பார்க்க முடியுமே என்று தானாகவே தொடர்பு கொண்டார். எக்ஸ்ரே பட்டால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் பதில் சொல்லும். இரும்பின் பதிலை மட்டும் புள்ளி புள்ளியாப் பதிவு பண்ணினால் எழுத்து வரும். சிக்கல் என்னன்னா, தாளின் முன்பக்கம், பின்பக்கம், மேல் எழுத்து, கீழ் எழுத்து நாலும் ஒண்ணா வரும். ஆனாலும் போலி ஓவியத்துக்கு அடியில் இருந்ததை அப்படித்தான் படிச்சாங்க. அதே எக்ஸ்ரேயில்தான் முதல் பக்கத்தில் மங்கிப்போயிருந்த மைரோனஸின் பெயரும் வெளியே வந்தது. அழிச்சவர் கையெழுத்தும் அழிஞ்சுதான் கிடந்தது.

என்ன கிடைச்சது?

முதலில் 'முறை' நூலின் 14-ஆவது தேற்றம். ஹைபெர்க் படிக்க முடியாமல் விட்ட இடம். 2001-ல் ஸ்டான்ஃபோர்டின் ரெவியல் நெட்ஸும் ஜப்பானின் கென் சைட்டோவும் அதைப் படிச்சாங்க. ஒரு வடிவத்தைச் சீவினால் கிடைக்கும் முடிவில்லாத துண்டுகளும், இன்னொரு வடிவத்தில் உள்ள முடிவில்லாத கோடுகளும் எண்ணிக்கையில் சமம் என்று ஆர்க்கிமிடீஸ் வாதிடுறார். கிரேக்கர்கள் முடிவிலியைத் தொடவே பயந்தாங்க என்பதுதான் அதுவரை பாடம். இதை வெச்சு ஆர்க்கிமிடீஸுக்குக் கால்குலஸ் தெரியும்னு வாட்ஸ்அப்பில் போட்டுடாதீங்க. ஆனா பாடத்தைத் திருத்த வேண்டியிருக்கு.

இரண்டாவது, 'ஸ்டொமாகியன்'. 14 துண்டுகளைச் சேர்த்து ஒரு சதுரம் செய்யும் விளையாட்டு. கிரேக்கத்தில் ஒரு சின்னப் பகுதிதான் மிச்சம். எத்தனை விதமாச் சேர்க்கலாம் என்று எண்ணுவதுதான் அந்த நூலின் நோக்கம் என்பது நெட்ஸின் விளக்கம். 2003-ல் பில் கட்லர் கம்ப்யூட்டர் நிரல் எழுதி எண்ணினார்: 17,152 விதம். கணித அறிஞர்கள் சிலர் கையாலேயும் எண்ணி அதே விடைக்கு வந்தாங்க.

மூன்றாவது, ஆர்க்கிமிடீஸே இல்லாத பக்கங்கள். 2002-ல் நடாலி செர்னெட்ஸ்கா 10 தாள்களில் இருப்பது ஹைபரைடிஸ் என்று கண்டுபிடிச்சார். கி.மு. 4-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் பேச்சாளர், மாசிடோனியாவை எதிர்த்தவர். அவருடைய இரண்டு உரைகளின் பகுதிகள். இன்னும் 7 தாள்களில் அரிஸ்டாட்டிலின் ஒரு நூலுக்கான உரை.

நான்காவதா வரைபடங்கள். ஹைபெர்க் எழுத்தை மட்டும் பார்த்தார், படங்களை அவரே புதுசா, அளவு சரியா இருக்கும்படி வரைஞ்சு பதிப்பிச்சார். சுவடியில் இருந்த படங்களோ வேற மாதிரி. நேர்கோட்டுப் பக்கங்கள் உள்ள பலகோணத்தை வளைவுகளால் வரைஞ்சிருக்கு. பார்த்தால் தப்பு மாதிரி. ஆனா அவை அளவுப் படங்களே இல்லை, எது எதோடு சேருது என்று காட்டும் படங்கள் என்கிறார் நெட்ஸ். நம்ம மெட்ரோ ரயில் வரைபடம் மாதிரி. ஆக, 100 வருஷமா அழியாமல் கண் முன்னாடியே இருந்த ஒண்ணையும் யாரும் பார்க்கலை.

2008 அக்டோபர் 29. ஏலம் நடந்து சரியா 10 வருஷம். எல்லாப் படங்களையும், படிச்ச எழுத்தையும் யார் வேணும்னாலும் இலவசமாப் பயன்படுத்தலாம் என்கிற உரிமத்தில் இணையத்தில் போட்டாங்க. வெறும் ஃபோல்டர்கள், படக் கோப்புகள், விளக்கும் உரைக் கோப்புகள். நானும் சிலதை இறக்கிப் பார்த்தேன். அந்த மூன்று சேனல் கணக்கை என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோது சிவப்பு எழுத்து வந்தது. எனக்குக் கிரேக்கம் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் ராத்திரி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

இதே வழியில் வேலை தொடருது. சினாய் மலை புனித கேத்தரின் மடத்திலிருந்து வந்த ஒரு பாலிம்ப்செஸ்டில், ஹிப்பார்க்கஸின் தொலைஞ்சுபோன நட்சத்திரப் பட்டியலின் ஒரு பகுதி இருக்குன்னு 2022-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டாங்க. பூமியின் அச்சு மெதுவா சுழல்வதால் நட்சத்திர இடங்கள் மாறும் இல்லையா, அதைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் கி.மு. 129 பக்கம் வந்து நிற்குது. அதாவது ஹிப்பார்க்கஸ் வாழ்ந்த காலம்.

எழுத்தை அழிச்ச மைரோனஸ், தோலை விட்டு வெச்சார். படங்களைக் கவனிக்காத ஹைபெர்க், புகைப்படங்களை விட்டுட்டுப் போனார். நமக்கும் இன்னைக்கு ஏதோ கண்ணில் படாமல்தான் இருக்கும். படிச்சு முடிச்சதை மட்டும் வெச்சுக்கிட்டு மூலத்தைத் தூக்கிப் போடாமல் இருந்தால், அடுத்து வருபவர் அதைப் பார்த்துக்குவார்.